வாசலுக்கு இன்னும் நான்கு கட்டம்

டவரே கிடைக்காத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்ட என் செல்ல அண்ணனுக்கு,

உன் மனைவி நம் ஆட்டத்தைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறார், அண்ணா. வேறு யாரிடம் போய் இதை முறையிடுவது? பெரியம்மாவிடம் சொன்னேன். "முப்பத்தி நாலு வயசுல பொம்ம வெச்சு வெளையாடறவளுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டார். ஆகவே உன்னிடமே வருகிறேன். எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவன் நீதானே?

பொம்மை என்றால் உனக்குக் கோபம் வரும். "பொம்மைங்காத அம்முணி, அது நான்" என்பாய். கட்டைவிரல் உயரம், கையில் கோடரி, காலடியில் வட்டமாக ஒரு பீடம். அதற்கு இடிமுழக்கன் என்று பெயர் வேறு வைத்தாய். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடிக்கிற நம் கார்த்திதான் வண்ணம் தீட்டினான். லாரிக்கு அடித்தது போக மிஞ்சிய பெயின்ட். தடிமனாக வழிந்ததில் மூக்கு மூடிப்போயிற்று. வீடியோ காலில் காட்டியதும், "டேய், எம்மூக்கு எங்கடா?" என்று சத்தீஸ்கரிலிருந்து கத்தினாய். "கண்ணு தெரியுதில்லீங்கண்ணா, அது போதும்" என்றான் அவன்.

இது என்ன ஆட்டம் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே நான் சலித்துவிட்டேன். மேசைமேல் கட்டம் போட்ட பெரிய அட்டை விரித்திருக்கும். ஆளுக்கு ஓர் உருவம். ஒருத்தி கதை சொல்வாள், அது நான். "குகைக்குள் வந்துவிட்டீர்கள், எதிரே மூன்று பேய்கள், என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பேன். செய்வதை நீங்கள் சொல்வீர்கள், அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். யார் எங்கே நிற்கிறார், யாருக்கு யார் எட்டுவார் என்று பார்க்கத்தான் உருவங்கள். கடவுள் சத்தியமாக இவ்வளவுதான். முட்டை அட்டைகளைக் கவிழ்த்துச் சாம்பல் நிறம் அடித்துக் குகை செய்ததை மட்டும் நான் வெளியில் சொல்வதில்லை.

எங்களுக்கு உருவம் இல்லாவிட்டால் பாட்டில் மூடி போதும். உனக்கு மட்டும் அது இல்லாமல் முடியாது. நீ ரிக் வண்டியில் டிரில்லர். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் எட்டு மாதம், பத்து மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புவாய். சங்ககிரியில் என் வீட்டு மாடியில் ஆட்டம் நடக்கும்போது உன் இடத்தில் ஒரு சொம்பு, சொம்பில் சாய்த்து வைத்த போன், போனுக்குள் நீ. மேசைமேல் உன்னை நகர்த்தியது என் கைதான்.

அப்பப்பா, அந்த இம்சை! "இன்னும் அரைக் கட்டம் தள்ளு. மூஞ்சிய வடக்கால திருப்பு. கோடாலி செவுத்துல இடிக்குது பாரு." ஆயிரம் அடிக்குத் துளை போடுகிறவன், அரை விரல் இடத்துக்காக என்னை ஒன்பது முறை எழுந்து உட்கார வைப்பாய். எல்லாம் சரியாக வைத்து முடித்ததும் லைன் கட்டாகும். திரும்ப வந்து, "நான் எங்க நிக்கறேன்?" என்பாய். ஐந்து வருடம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கடைசி ஞாயிறு, ஆறாவது குகையின் பாலத்தில் உன்னை நிறுத்தச் சொன்னாய். பின்னால் நம்மோடு ஆடும் கார்த்தியும் பரிமளா டீச்சரும், முன்னால் பேய்க்கூட்டம். "அடுத்த வாரம் முடிச்சுப்போடலாம்" என்றாய். புதன்கிழமை உங்கள் வண்டி மேனேஜர் கூப்பிட்டார். துளைக்குள் ராடு இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை என்றார். ஆம்புலன்ஸ் ஊர் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. நாற்பத்தொரு வயது. யார்மேல் கோபப்படுவது என்று இன்னும் தெரியவில்லை, அதனால் எல்லோர் மேலும் படுகிறேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் மேசையை நாங்கள் கலைக்கவில்லை. தூசி படாமல் ஒரு வேட்டியைப் போட்டு மூடி வைத்தோம். நான்கு மாதம் கழித்து மூவரும் உட்கார்ந்தபோது கார்த்தி தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணன எடுக்க வேண்டாங்கக்கா. எப்பவும் நீங்கதான நகத்துவீங்க? நீங்களே நகத்துங்க."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். மேசையைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. நீ உயிரோடு இருந்தபோதும் இங்கே நின்றது அந்த உருவம்தானே? அன்றைக்கு உன்னை ஒரு பேயை வெட்ட வைத்தேன். கீழே இறங்கி வந்து, நான்கு மாதத்தில் முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு திருச்செங்கோட்டிலிருந்து பஸ் ஏறி அண்ணி வந்து நின்றார்.

"அவரு மொறைய நான் ஆடறேன் அம்முணி."

விதியெல்லாம் தெரியுங்களா என்று கேட்டேன். "நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்று சொம்பை நகர்த்தி வைத்துவிட்டு உன் இடத்தில் உட்கார்ந்தார். கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "இதுல வெளிய போற வழி எது?"

மேற்கு ஓரத்தைக் காட்டினேன். நீங்கள் உள்ளே நுழைந்த வாசல். உன் காலடியிலிருந்து பதினாறு கட்டம்.

"அப்ப அவரு அங்க போவட்டும்."

கார்த்தி அலறிவிட்டான். "அக்கா, பாலத்துல அண்ணன் நிக்கலீன்னா நாங்க ரெண்டு பேரும் செத்தோமுங்க!"

"நீங்களும் கூட வாங்க. உங்கள ஆரு அங்கயே நிக்கச் சொன்னா?"

பரிமளா டீச்சர் வகுப்பில் சொல்வது போலப் பொறுமையாகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் புதையலைப் பற்றி விளக்கினாள். அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்து, இடிமுழக்கனை எடுத்து ஆறு கட்டம் மேற்கே வைத்தார். ஒரு முறைக்கு ஆறுதான் போகலாம். முகத்தையும் வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கூட இருப்பவர்களை விட்டுவிட்டு ஓடுகிறவனா நீ? கதை சொல்கிறவளுக்கு ஒரு வசதி உண்டு, வழியில் யாரை வேண்டுமானாலும் கொண்டுவந்து நிறுத்தலாம். அடுத்த வாரம் ஒரு மலைப்பூதத்தை நிறுத்தினேன். தேங்காயெண்ணெய் பாட்டில் மூடிதான். வெட்டுங்க அண்ணி என்றேன். அவர் அந்த மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது பசியில நிக்குதா, கோவத்துல நிக்குதா?" என்று கேட்டார். சண்டை போடாமல் பேசிப் பார்ப்பதற்கும் பகடை உருட்டலாம் என்று விதி இருக்கிறதே, அதை உளறித் தொலைத்தவன் கார்த்தி. அண்ணி உருட்டினார். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தது! ஐந்து வருடத்தில் உனக்கு ஒரு தடவை விழுந்திருக்குமா அது? பூதம் ஒதுங்கி வழிவிட்டது, இன்னொரு ஆறு கட்டம் போயிற்று.

போன வாரம் நான் செய்தது சரியில்லை. குகை வாசலில் பாறை சரிந்துவிட்டது, இனி வழியே கிடையாது என்று சொன்னேன். ஜன்னல் கதவு அடிக்காமல் இருக்க வைத்திருந்த கருங்கல் துண்டை எடுத்து அட்டையின் ஓரத்தில் வைத்தேன். "ஏனுங்கக்கா, இதெல்லாம் அநியாயமுங்க" என்று கார்த்தியே சொல்லிவிட்டான்.

அண்ணி கல்லைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இன்னும் பத்தலீங்களா அம்முணி?"

அதற்குமேல் அவர் சொன்னது அத்தனையும் சத்தம் போடாமல் சொன்னது. "வாரத்துல ஒரு நாளு, டீசல் போட டவுனுக்கு வாரப்பத்தான் அவருக்கு டவரு கெடைக்கும். மூணு மணி நேரம் இந்த மேசைக்கு. சார்ஜு தீரப்போவுதுன்னு எனக்குப் பத்து நிமிசம். அதுலயும் இன்னிக்கு எந்தக் கொகை, எத்தன பேயி, அம்முணி கதைய எப்புடிச் சொல்லுச்சு, இதேதான். எந்தக் கட்டத்துல நிக்கறாருன்னு எனக்கு அத்துப்படி. சோறு தின்னாரா, ஒடம்பு எப்புடி இருக்குது, அதக் கேக்கத்தான் நேரமில்ல. அஞ்சு வருசம் இங்கயே நின்னுட்டாரு. எம்பட ஊட்டுக்கு வரட்டும் அம்முணி."

பரிமளா காபி போட எழுந்து போனாள். அதைக்கூடக் குடிக்காமல் அண்ணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். "அடுத்த வாரம் வாரேன்" என்று மட்டும் படியில் நின்று சொன்னார்.

ஏன் அண்ணா, மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை அவருக்குக் கொடுத்திருந்தால் என்ன? நாங்கள் வேண்டாம் என்றா சொல்லியிருப்போம்? சொல்லியிருப்பேன். மற்ற இருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்லியிருப்பேன். உனக்குக் கல்யாணம் ஆன பிறகு நீ எனக்கென்று கிடைத்தது அந்த மூன்று மணி நேரம்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. அண்ணி காத்திருப்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீ நம்புவாயா?

இன்னொன்றும் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கடைசி ஞாயிறு, மற்ற இருவரும் டீ எடுக்கக் கீழே போயிருந்தபோது நீ சொன்னாய். "காலைல இருந்து நெஞ்சு கரிக்குது அம்முணி. எடது கையி வேற மரத்துப்போவுது." நான் என்ன சொன்னேன்? "கண்ட கடையில தின்னா அப்புடித்தான். உன்ற மொறை வந்துருச்சு, பகடைய உருட்டட்டுமா?" என்றேன். நீயும் சிரித்துக்கொண்டே உருட்டச் சொன்னாய். அதை அண்ணியிடம் சொல்லியிருந்தால் அந்த டவுனிலேயே உன்னை ஆஸ்பத்திரிக்குத் துரத்தியிருப்பார். அந்தப் பத்து நிமிடத்திலும் நீ பாலத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறாய். முட்டாள் அண்ணா. உன்னைவிட முட்டாள் நான்.

நாளைக்கு ஞாயிறு. கல்லை எடுத்து ஜன்னலிலேயே திரும்ப வைத்துவிட்டேன். வாசலுக்கு நான்கு கட்டம்தான், அண்ணிக்கு ஒரு முறை போதும். கார்த்தியும் பரிமளாவும் பாலத்தில் சாகத்தான் போகிறார்கள், அதற்கு இரண்டு பேரும் என்னைத் திட்டித் தீர்ப்பார்கள். திட்டட்டும்.

ஆனால் அண்ணி உன்னைத் தொடுவதற்கு முன்னால், நீ என்னிடம் சொன்னதையும் நான் சொன்ன பதிலையும் ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொல்லிவிடுவேன். இது உனக்குச் செய்து கொடுக்கிற சத்தியம். கேட்டபிறகு அவர் இந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்காமல் போகலாம். போனாலும் கையோடு உன்னை எடுத்துக்கொண்டு போகட்டும். இந்த முறை நான் குறுக்கே வரமாட்டேன், அண்ணா.

இப்படிக்கு,
உன்னை இனி நகர்த்தப் போகாத
உன் தங்கச்சி