இரண்டு கையிலும் கடிகாரம்

என்னங்க,

வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது? காலை மாத்திரையை மறப்பதில்லையே? டீச்சர் வேலையில் ஓய்வுபெற்ற பிறகு ஏற்ற இந்தப் பள்ளி விடுதி வார்டன் வேலையில் குறையில்லை. பிள்ளைகள் வகுப்புக்குப் போனபின் மட்டும் எனக்குக் கால் ஓரிடத்தில் தரிப்பதில்லை. அதனால் மைதானத்தில் ஓடுகிறேன்.

தூரத்தை அளக்க ஒரு ஜிபிஎஸ் கடிகாரம் வாங்க நினைத்து, விளையாட்டு டீச்சரிடம் இரண்டு மலிவு ரகங்களை இரவல் வாங்கினேன். ஒரே விடைத்தாளை இருவர் திருத்துவதுபோல, கைக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு நானூறு மீட்டர் தடத்தில் பத்துச் சுற்று ஓடினேன். கைகளை மாறி மாறிப் பார்த்ததில், தடை ஓட்டச் சட்டத்தில் இடித்து விழுந்தேன். "டீச்சர், மணிக்கட்டையே பார்த்து ஓடினா தரைதான் மார்க் போடும்!" என்று விளையாட்டு டீச்சர் சிரித்தாள். முட்டியில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

நாலு கிலோமீட்டரை ஒரு கடிகாரம் நாலரை என்றது. மற்றது சரியாகச் சொன்னது. வெயிலிலும் எழுத்து தெரிகிறது, சார்ஜ் ஒரு வாரம் நிற்கிறது. பாட்டு, வரைபடம் கிடையாது. கூட்டல் கணக்குக்கு ஜியாமெட்ரி பெட்டி எதற்கு?

அதிலேயே இரண்டு வாங்கப்போகிறேன். நான் வந்ததிலிருந்து, டாக்டர் சொன்ன நடையை நீங்கள் விட்டுவிட்டதாக மகள் சொன்னாள். என்னிடம் "போனேன், போனேன்" என்கிறீர்கள். உங்கள் மணிக்கட்டை நூலால் அளந்து எழுதுங்கள். கடிகாரத்தில் வரைபடம் இல்லாவிட்டாலும், நீங்கள் நடந்த வழியை அது ஃபோனுக்கு அனுப்பும்; நம் தெரு என் ஃபோனில் கோடாக வரும். கண்காணிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு திரும்பி வந்து நம் வாசலில் முடிவதை நான் தினமும் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. வரிசையில் சண்டை தொடங்கும் முன் போகிறேன்.

உங்கள்
டீச்சரம்மா