மை ஒட்டாத பேப்பர்

செவ்வாய்க்கிழமை.

சிவகாசியில் முப்பது வருஷமாகக் காலண்டர் அச்சடிக்கிற எனக்குப் பேப்பரைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்? இன்று காலைவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மருமகளுக்கு முதல் கேக் ஆர்டர். சாயங்காலம் கொடுக்க வேண்டும். கேக் சுடுகிற டின்னுக்குள் விரிக்க ஒரு பேப்பர் சுருள் வாங்கி வைத்திருந்தாள். தடவிப் பார்த்தேன். “இதுல மை ஒட்டாதேம்மா, இதெல்லாம் ஒரு பேப்பரா?” என்று ஒதுக்கிவிட்டு, பிரஸ்ஸிலிருந்து வழவழப்பான ஆர்ட் பேப்பரைக் கொண்டுவந்து நானே வெட்டி விரித்தேன்.

பாதிக் கேக் பேப்பரோடு ஒட்டிக்கொண்டது. என் முகத்தில் ஈயாடவில்லை. அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஒட்டக் கூடாதுன்னுதானே மாமா அதை வாங்குனேன்!”

அவள் சுருளை விரித்துச் சுட்ட இரண்டாவது கேக் முழுசாக இறங்கி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாவதைப் பேப்பரிலிருந்து சுரண்டிச் சுரண்டி நானே தின்று தீர்த்தேன். அருமை! அடுத்த ஆர்டருக்கும் பேப்பர் நான் எடுத்துத் தருகிறேன் என்றதும், டின்னை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.