சுண்டெலியின் படகு

ஜூன் 3
சுண்டெலி, இன்றைக்குத்தான் பின்கதவைத் திறந்து, நீ ஒட்டிச் சரிசெய்துகொண்டிருந்த அந்தப் பழைய ஃபைபர் படகைப் பார்த்தேன். நீ எங்களை விட்டுப் போய் நாலு மாதம். தார்ப்பாய் கிழிந்து, உள்ளே முழங்கால் உயரத்துக்குச் சருகு. வாரிக் கொட்டினேன். உன் அப்பா வெள்ளிக்கிழமை ஆள் வரச் சொல்லியிருக்கிறார், வெட்டித் துண்டாக்கி எடுத்துப்போக. அவர் இந்தப் பக்கமே வருவதில்லை. துணி காயப்போடக்கூட மாடிக்குத்தான் போகிறார்.

ஜூன் 4
உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "ஒரு மாசம் குடுங்க. ஏரியில விட்டுப் பார்க்குறேன். மிதக்கலைன்னா நானே வெட்டச் சொல்றேன்."
"ஃபைபர் வேலை உனக்கு என்ன தெரியும்?"
"அவ செய்யுறப்ப பக்கத்துலயேதானே உக்காந்திருந்தேன்."
"நான்கூடத்தான் டாக்டர் ஊசி போடுறதைப் பார்த்திருக்கேன்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. ஆனால் போனை எடுத்து அந்த ஆளை இப்போது வரவேண்டாம் என்றார்.

ஜூன் 9
சமையலுக்கு உப்புப் போடுகிற கைதானே என்று ரெசின் பசையில், அதை இறுக வைக்கிற ஹார்டனரைக் கண்ணளவாக ஊற்றினேன். ஒட்டுப்போடக் கண்ணாடி நார்ப்பாயை வெட்டி முடிப்பதற்குள் டப்பா கொதித்துப் புகைந்து கல்லாகிவிட்டது. கலக்கின குச்சி நட்டுவைத்த மாதிரி நிற்கிறது.
பெயிண்ட் கடைக்காரர், "அக்கா, இது அடுப்பு வேலை இல்ல. உங்க பொண்ணு சிரிஞ்சுல அளந்துதான் ஊத்தும்" என்றார்.
சிரிஞ்சு வாங்கி வந்தேன்.

ஜூன் 10
கை கழுத்தெல்லாம் அரிப்பு, நார்த்தூள். பஸ் கூடு கட்டும் பட்டறையில் தினமும் இதில்தானே நின்றாய். ஒரு நாளும் சொன்னதில்லையே.

ஜூன் 17
கரண்டிக் காம்பால் படகு முழுக்கத் தட்டினேன், நீ தட்டுவாயே அப்படி. நல்ல இடம் டங்கென்கிறது. உள்ளே பிரிந்த இடம் பொத்தென்கிறது. அடிப்பக்கம், நீ போட்ட ஒட்டின் ஓரத்தில், பொத்தென்றது.
உன் ஒட்டே சரியில்லை என்றால்? எல்லாவற்றையும் பிரித்துப் போட எனக்குத் தெம்பு ஏது? அப்பா சொன்ன மாதிரி வெட்ட வேண்டியதுதானா?
மனசில்லாமல் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் தெரிந்தது — பொத்தென்றது வேறு யாரோ எப்போதோ அப்பிவிட்டுப் போனது. உன் ஒட்டு அதற்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.
அதை எப்படிச் செய்திருக்கிறாய் நீ. ஓரத்தை என் உள்ளங்கை அகலத்துக்குச் சரிவாக இழைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொரு பாயும் அடியில் இருப்பதைவிட ஒரு விரல் பெரியதாக. ஒரு குமிழ் கிடையாது. யார் பார்க்கப்போகிறார்கள் படகின் அடிவயிற்றை? ஒரு பாத்திரத்தை ஒழுங்காக் கழுவினதில்ல, இவ்வளவு பொறுமையை எங்கடி வெச்சிருந்தே?

ஜூன் 18
யாரோ அப்பியிருந்ததைப் பேர்த்தெடுத்தேன். உன் ஒட்டைப் பார்த்துப் பார்த்தே என் ஒட்டைப் போட்டேன். அதே சரிவு, அதே விரல் கணக்கு. இரண்டு குமிழ் வந்தது. குத்தி, தேய்த்து, மறுபடி நிரப்பினேன்.

ஜூன் 22
மழை. ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 26
கட்டைகள்மேல் ஏற்றிவைத்தபடியே உள்ளே குழாய்த் தண்ணீர் விட்டேன். ஒழுகினால் வெளியே தெரியுமே. குனிந்து பார்க்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை. பின்கதவு திறந்தது. அப்பா. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் மல்லாந்து படுத்து, கையால் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் கை நின்றது. வெகுநேரம் கையை அங்கிருந்து எடுக்கவில்லை. உன் ஒட்டு.
"ஒழுகுதா?" என்றேன்.
"இல்ல. தண்ணியை நிறுத்து. கண்ணெல்லாம் தூசி."

ஜூலை 2
பட்டறையில் உன்னோடு வேலை பார்த்தவர்கள் வண்டி கொண்டுவந்தார்கள். ஒருத்தி அடியைத் தடவி, "எது அவ போட்டது, எது நீங்க போட்டது அத்தை?" என்றாள்.
"கோணலா இருக்கறதெல்லாம் என்னுது."
ஏரியில் இறக்கினோம். நானும் அப்பாவும் ஏறினோம். மிதந்தது சுண்டெலி, சாயாமல் நிமிர்ந்து மிதந்தது. நடுவில் போனதும் அப்பா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் போகணும்?" என்றார்.
நீ இதுல எங்கடி போறதா இருந்தே?