டீசல் வாங்கச் சொன்னாய்

மச்சான்,

இன்று காலை மீன் வாங்கப் போகும் வழியில் ஜீப்பில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் கரி தீயும் வாசனையும் வந்தது. "பில்டர் அடைக்குது மச்சான், ஒரு ஓட்டம் விட்டுட்டு வருவம்" என்று சொல்ல நீ இல்லை. நீ கண்ணை மூடி, மவுத்தாகி நாலு மாதம். வெள்ளிதோறும் உன்னோடு போன அந்த நீட்டு ஓட்டம் நின்றுபோய், இந்த நாலு மாதமும் ஜீப் நம் ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

ஒரே நாளில் இரண்டு தடவை என்னைத் திகைக்க வைத்துவிட்டாய். உயிரோடு இருந்த காலத்தில்கூட நீ எனக்கு இப்படிச் செய்ததில்லை.

முதல் தடவை கராஜில். உன் கடையில் சாமான் வாங்கும் அந்த மெக்கானிக், ஜீப்புக்குக் கீழே இருந்து எழும்பி வந்து கையைத் துடைத்தான்.

"சேர், கோவிக்கப்படாது. உங்கட ஓட்டத்துக்கு டீசல் எடுத்ததே பிழை. நீங்க படிப்பிக்கிற பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எண்டு மூணு கிலோமீற்றருக்குள்ள சுத்துறீங்க. எஞ்சின் சூடாகுறதுக்கு முந்தியே நிப்பாட்டுறீங்க. பில்டருல சேருற கரி எப்பிடி எரியும்? பெற்றோல் எடுத்திருந்தா இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்ல."

"எனக்கென்ன தெரியும்? அவன்தானே எடுக்கச் சொன்னான்."

"அவருக்கு என்னைவிட நல்லாத் தெரியும் சேர். வாங்கின அண்டைக்கே நான் சொன்னன். 'தெரியும்டா, சேருக்கிட்ட வாய் திறந்திராத' எண்டார்."

அவனுடைய ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

அக்கரைப்பற்றில் வாகனம் விற்பவனிடம் அந்த இரண்டு ஜீப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரே மாதிரி, ஒரே வருடம். வெள்ளை பெற்றோல், சாம்பல் நிறம் டீசல். என் மனைவி வெள்ளையில் ஏறி உட்கார்ந்து, "எஞ்சின் ஓடுதோ இல்லையோ எண்டே தெரியல்ல, இதை எடுப்பம்" என்றாள். நீ சாம்பல் நிறத்தின் பொனற்றைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டாய். "இதுதான் மச்சான். டீசல் செலவு குறைவு, இழுவை கூட, நாளைக்கி வித்தாலும் விலை போகும்."

"ட்ரக்டர் மாதிரிக் கத்துதே காக்கா" என்றாள், உன்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் அவள்.

"கத்தட்டும் புள்ள. சத்தம் கேட்டாத்தான் சனம் வெளிய பாக்கும்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இருபத்தைந்து வருடம் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவன் நீ. கல்முனையில் உன்னைக் கேட்காமல் எவன் வாகனம் வாங்கினான்? உன் பேச்சைக் கேட்டு மனைவியின் ஆசையைத் தட்டிவிட்டு டீசலை எடுத்தேன். இன்றுவரை அவளிடம் ஏச்சு வாங்குகிறேன்.

மெக்கானிக் பில்டரை வெட்டி எடுத்துவிடலாம் என்றான். பலரும் அப்படித்தான் செய்கிறார்களாம், அதற்குப் பிறகு ஓட்டமும் தேவையில்லை, விளக்கும் எரியாது. "இல்லாட்டி இண்டைக்கி ஒருக்கா நீட்டுக்கு ஓட்டிப் பாருங்க, பொறகு முடிவெடுப்பம்" என்றான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். போகும் வழியில் உன் மகளுக்காக நீ கட்டிய வீட்டைப் பார்த்தேன். இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குக் கொண்டு வருவது நம் ஊர் வழக்கம். நீ கல்லுக் கல்லாகக் கட்டினாய். அவளோ நீ பேசிய மாப்பிள்ளையை வேண்டாம் என்று, தனக்குப் பிடித்தவனைக் கலியாணம் முடித்துக்கொண்டு அவனோடு போய்விட்டாள். அன்று அந்த வீட்டு வாசலில் நின்று, என் முன்னால்தான் சத்தியம் செய்தாய்: "இனி அவள் இரிக்கிற ஊர் மண்ணுல என்ட கால் படாது. வல்லாஹி, படாது."

அவர்கள் கட்டாருக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். ஒன்பது வருடம் நீ அவளுடைய பெயரை எடுக்கவில்லை. உன் பிடிவாதம் தெரிந்ததால் நானும் கேட்கவில்லை.

அக்கரைப்பற்று தாண்டியதும் பாதை திறந்துவிட்டது. ஒரு பக்கம் வயல், மறு பக்கம் கடல் காற்று. உன்னோடு போன வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன, ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருடச் சிநேகிதன் தெரிந்துகொண்டே என்னை ஏமாற்றினானா? எதற்காக? அந்த வாகனக்காரன் உனக்குக் கொமிசன் தந்தானோ என்றுகூட நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

ஒவ்வொரு வெள்ளியும் பொத்துவிலில் அதே தம்பிலிக் கடைக்கு எதிரேதான் நிறுத்தச் சொல்வாய். நான் றோட்டைத் தாண்டிப் போய் இளநீர் வாங்கி வரவேண்டும். நீ இடப்பக்க சீற்றை விட்டு அசைய மாட்டாய். "முழங்கால் உளையுது மச்சான்" என்பாய். எஞ்சினை நிறுத்தப் போனால் கையைப் பிடிப்பாய். "ஓடட்டும், நிப்பாட்டாத. இப்பதான் கரி எரியிற நேரம்." ஏசி ஓடும்போதே கண்ணாடியை இறக்கிவிடுவாய். நான் கத்துவேன், நீ சிரிப்பாய். ஒரு நாள் இரண்டு இளநீரைக் குடித்துவிட்டு, மூத்திரம் முட்டி, முகம் எல்லாம் வேர்த்துப்போய் இருந்தாய். "பக்கத்துல பள்ளி இரிக்கி, இறங்கன்டா" என்றேன். "வேணாம், நீ போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பொத்துவில் தாண்டிக் கோமாரி வரை வந்தாயே! அங்கே வாகனம் நிற்கும் முன்னமே குதித்து ஓடினாய். அன்று முழங்கால் நன்றாகத்தான் வேலை செய்தது. வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் புத்திக்கு அப்போதும் ஒன்றும் எட்டவில்லை.

இன்றும் பழக்கத்தில் அங்கேயே நிறுத்தினேன். எஞ்சினை நிறுத்தாமல் இறங்கி, றோட்டைத் தாண்டி, ஒரு தம்பிலி வெட்டச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது ஜீப்புக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். தலையில் முக்காடு சரியாகக்கூட இல்லை. இடுப்பில் ஒரு குழந்தை. கேற்றைத் திறந்து வந்து, இடப்பக்கக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். சீற் வெறுமையாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

நான் இளநீரைப் போட்டுவிட்டு ஓடினேன். முகம் தெரிந்தது. உன் மூக்கு, உன் நெற்றி. உன் மகள், மச்சான்.

"மகள்... நீ கட்டாரில இல்லையா?"

"வந்து ரெண்டு வருசம் சேர்." முக்காட்டை இழுத்துவிட்டாள். "வாப்பா மவுத்தானது தெரியும். மூணு நாள் கழிச்சித்தான் போன்ல பாத்தன். ஜனாஸாவும் அடக்கி முடிஞ்சி. இண்டைக்கி இந்தச் சத்தம் கேட்டதும் அது மறந்து போச்சி. வாப்பா வந்திட்டார் எண்டு ஓடி வந்திட்டன்."

ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் சொல்லித்தான் தெரிந்தது, உன் கடைக்குச் சாமான் வாங்க வந்த பொத்துவில்காரர் ஒருவர் அவள் திரும்பி வந்ததையும் வீட்டையும் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதமே என்னை ஜீப் வாங்கக் கூட்டிப்போனாய். பஸ்ஸில் வந்தால் இறங்க வேண்டும். உன் மோட்டார் சைக்கிளில் வந்தால் நிறுத்தும்போது கால் ஊன்ற வேண்டும். சத்தியத்தை முறிக்காமல் மகளைப் பார்க்க உனக்கு இன்னொருவனின் ஜீப் தேவைப்பட்டது. அதுவும் வாராவாரம் நீட்டு ஓட்டம் கேட்கும் ஜீப்.

"ஒரு நாளும் இறங்கல்ல" என்றாள். "நானும் கேற்றத் தாண்டல்ல. நீங்க வந்து கூப்பிடாம நான் வரமாட்டன் எண்டு வாப்பாக்கிட்ட சொல்லிட்டுத்தானே நான் போனன். சத்தம் கேட்டா வெளிய வந்து புள்ளயத் தூக்கிக் காட்டுவன். அவர் கையைத் தூக்குவார். அவ்வளவுதான் சேர். பெற்றோல் வாகனம் எண்டா உள்ளுக்கு வேலையா இரிக்கக்குள்ள எனக்கிக் கேட்டே இரிக்காது."

என் மனைவி சத்தத்தைக் குறை சொன்னபோது நீ சொன்ன பதில் எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை, மச்சான். பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தால் சத்தியத்துக்குப் பரிகாரம் உண்டென்று உனக்குத் தெரியாதா? பள்ளிவாசலில் எத்தனை தடவை மௌலவி பயானில் சொல்லக் கேட்டிருப்பாய்! பத்துச் சாப்பாடு. நானே ஆக்கிக் கொடுத்திருப்பேனே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வாசலில் இறக்கியிருப்பேன். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் இளநீருக்கு விலை பேசிக்கொண்டு நின்ற நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு வாப்பாவும் மகளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே.

அவள் உள்ளே கூப்பிட்டு இஞ்சித் தேத்தண்ணி தந்தாள். குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். நம் ஊர் வீட்டைப் பற்றி அவள் கேட்டாள். பூட்டித்தான் கிடக்கிறது என்றேன். எழும்பும்போது கேற்றுவரை வந்தாள்.

"அடுத்த வெள்ளியும் வருவீங்களா சேர்?"

மஞ்சள் விளக்கு வரும் வழியிலேயே அணைந்துவிட்டிருந்தது. மெக்கானிக்குக்கு அங்கிருந்தே போனில் கோல் எடுத்து, பில்டரில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்ல எனக்கு எத்தனையோ இருந்தது. கடைசியில் நீ சொல்லிவந்த அதே சாட்டுத்தான் என் வாயில் வந்தது.

"வராம என்ன மகள். ஓட்டம் விடாட்டி பில்டர் அடைச்சிரும்."