சட்டைப் பையில் மாத்திரை அட்டை

குடவாசல் வயலில் இன்று நடவு. பஸ்ஸுக்கு நேரமாகியும் தையல்நாயகி, தூங்கிக்கொண்டிருந்த புருஷனுக்குச் சீட்டு எழுதினாள். பேனா அழுத்திய அழுத்தலில் தாள் கிழிந்தது.

"இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. கண் ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போக மாப்பிள்ளை பத்து மணிக்குக் கார் கொண்டாருவாரு.

நேத்து கண் டாக்டர் என்ன மாத்திரை போடுறீங்கன்னு கேட்டா, பிரஷருக்கு மட்டும்னு சொல்றீங்க. நான் வாயைத் திறந்தா முறைக்கிறீங்க. மூத்திரம் அடைக்குதுன்னு போடுற மாத்திரை என்னாச்சு? கண்ணுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு எகிறினீங்களே, மருந்துக்கடையில கேட்டுட்டேன். ஒடம்புல ஊறுற அட்ரினலின் இறுக்குற தசையை அது தளர்த்துமாம். அந்தத் தசை மூத்திரப்பை வாயிலயும் இருக்கு, பாப்பாவை விரிச்சு வைக்கக் கண்ணுலயும் இருக்கு. ஆபரேஷன் நடக்கும்போதே கண் பாப்பா சுருங்கிடுமாம். முன்னாடியே சொன்னா டாக்டர் சமாளிச்சுக்குவாரு. இன்னிக்கு ஒருநாள் போடாம விட்டுட்டுத் தப்பிக்கலாம்னு பாக்காதீங்க, அது பலிக்காது; நிறுத்தினாலும் அதோட வேலை கண்ணை விட்டுப் போகாதாம்."

மாத்திரை அட்டையையும் சீட்டையும், கொடியில் தொங்கிய அவர் சட்டையின் பையோடு சேர்த்து ஊக்கு குத்தினாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, சீட்டின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

"மாப்பிள்ளை முன்னாடி வெக்கமா இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு டாக்டர்கிட்ட அட்டையை நீட்டுங்க. அந்தக் கண்ணு எனக்கு வேணும்."