பூச்சி தின்னாத பல்

டிக்கோயா,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள டெல்சி அப்பாவுக்கு,

இங்கே மழையும் நாங்களும் சுகம். உயர்தர வகுப்பில் உயிரியல்தான் படிப்பேன் என்று டெல்சி அடம்பிடிக்கிறாள். சூசைரட்ணம் அண்ணன் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே கட்டாருக்குத் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பல் பேச்சை எடுத்தாலே லைனை வெட்டிவிடுகிறீர்கள்.

நோட்டன் பிரிட்ஜ் வளைவில் ஆட்டோ புரண்டு நாம் இருவரும் முன்பல்லைப் பறிகொடுத்தோமே, பிறகு கண்டியில் எலும்புக்குள் திருகாணி இறக்கிப் புதுப்பல் வைத்தோமே. திரும்பும்போது, "இரும்பைத் தின்கிற பூச்சி இன்னும் பிறக்கல ஜொய்சி" என்று பஸ்ஸுக்கே கேட்கச் சொன்னீர்கள். நானும் நம்பி, மற்றப் பற்களைத் தேய்த்துவிட்டு அதைச் சும்மா விட்டேன்.

போன மாதம் அந்த ஈறில் இரத்தம். வலி துளியும் இல்லை. நமக்குப் பல் வைத்த டாக்டர் நோனாவிடம் போனேன். அவர் பல்லோரம் சுரண்டியதைக் கண்ணாடித்துண்டில் தடவி, பெரிதாக்கித் திரையில் காட்டினார். கிருமிகள்! சில சுருள்சுருளாய், சில குச்சிகுச்சியாய், சிவனொளிபாத மலை சீசனில் நல்லதண்ணியில் நெரியும் சனம் போல. அத்தனையும் நான் ஜெபம் சொல்லும் அதே வாயில். வாய் பிளந்தபடியே பார்த்திருந்தேன். "இப்போ மூடலாம், டீச்சர்" என்று அவர் சிரித்தார்.

அவை நேராக எலும்பைத் தின்பதில்லையாம். அவற்றை விரட்ட என் உடம்பு அனுப்பும் காவல்படைதான், சண்டையை நிறுத்தத் தெரியாமல், திருகாணியைப் பிடித்திருக்கும் எலும்பையும் கரைத்துவிடுகிறதாம். என்னைக் காக்க வந்ததே என்னை அரிக்கிறது! வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எக்ஸ்ரேயில் திருகாணியைச் சுற்றிச் சிறு கிண்ணம் போலப் பள்ளம். சுத்தம் செய்துவிட்டார், கவனமாக இருந்தால் பல் நிற்குமாம்.

பிறகு, "உங்க மாத்தயா எங்கே? அவருக்குத்தானே சீனி வருத்தம்?" என்று கேட்டார். இரத்தத்தில் சீனி கூடினால் அந்தப் படை இன்னும் தடுமாறுமாம். பல் ஆடத் தொடங்குமுன் காட்ட வேண்டுமாம்.

கொஞ்ச நாளாய் நீங்கள் வீடியோவில் உதட்டை மூடிக்கொண்டே சிரிக்கிறீர்கள்.

பல்லிடுக்குக்குப் போடும் சின்னப் பிரஷ்கள் இத்துடன் இருக்கின்றன. சீனியைப் பாருங்கள். ஒரு நாள் லீவு கேட்டுப் பல்லையும் காட்டுங்கள். விழுந்தே போயிருந்தாலும் பரவாயில்லை. மாதா உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த முறை வீடியோவில் வரும்போது வாயைத் திறந்து சிரியுங்கள். எதைக் கண்டாலும் நான் லைனை வெட்ட மாட்டேன்.

உங்கள்
ஜொய்சி