பச்சைக் கயிறு கட்டிய பிள்ளைகள்

பழவேற்காடு
ஹிஜ்ரி 1056, ரஜப் பிறை 7

என் கண்ணுக்கு ஒளியான காக்கா அப்துல் ஹை அவர்களுக்கு, தங்கை உம்மு ஹானி ஸலாம் சொல்லி எழுதுவது.

நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உங்கள் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறோம். சதுரங்கப்பட்டினம் என்ன, சீனத்திலா இருக்கிறது? முதலாளியின் கிடங்கில் வேலைக்குப் போனவர் பெருநாளைக்குக்கூட வரவில்லையே என்று உம்மா குறைப்பட்டார்கள். பிறகு அவர்களே, "எம் புள்ள அங்க சோறு துன்றானே, அது போதும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

இங்கே இரண்டு வருஷமாக மழை இல்லை. ஏரி வற்றி, பசியாவரம் பக்கம் சேறு வெடித்துக் கிடக்கிறது. காட்டூர்க்காரர்கள் மாட்டை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு ஒல்லாந்தர் கோட்டை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்களையே விற்றுக்கொள்ள வந்தவர்களும் அதில் இருக்கிறார்களாம். மாலையில் கோட்டை முரசு அடித்தால் உம்மா கதவைச் சாத்தச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு செய்தி சொன்னால் சிரிப்பீர்கள். நான் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன்! பெரியவளானதும் ஓதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, குர்ஆனைப் பாதியில் மூடியவள் நான். பெரியவர்கள் வந்தால் இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் சின்னப் பிள்ளைகளிடம் பேச்சு தானாக வருகிறது. பின்கட்டில் கிணற்றடியில் உட்கார வைத்து, நீங்கள் எனக்குச் சொன்ன நபிமார் கதைகளைச் சொல்கிறேன். கருவாடு விற்கும் பரக்கத் பீவியின் மகள் மஸூதா வருகிறாள். தாய் தகப்பன் இல்லாத ஜெகபர் அலி வருகிறான். காட்டூர்ப் பையன் பெரியசாமியும் வருகிறான். அவன் தாய் நம் தெருமுனையில்தான் இறந்தாள். "பசிக்கு ஏதுடி வேத்துமை, உக்காரட்டும்" என்றார்கள் உம்மா.

நேற்று யூனுஸ் நபியை மீன் விழுங்கிய கதை. மஸூதா விடவில்லை. "எந்த மீனு ராத்தா? கொடுவாவா? கொடுவா வாயில என் தலகூட போவாதே." எனக்கு மீனின் பேர் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுங்கள்.

தங்கள் அன்புத் தங்கை
உம்மு ஹானி


சதுரங்கப்பட்டினம்
ரஜப் பிறை 16

அருமைத் தங்கச்சி உம்மு ஹானிக்கு காக்காவின் துஆவும் ஸலாமும்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வாய் திறக்காத என் தங்கச்சி பாடம் சொல்கிறாள் என்று முதலாளியிடமே பெருமையாகச் சொன்னேன். அவர் மனம் இளகி, பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச அரிசி தருகிறார். இந்தக் கடிதத்தோடு வண்டியில் வருகிறது. ஒவ்வொரு கதை முடிந்ததும் சீரணி இனிப்பு கொடுப்பது நம் வழக்கம்தானே. சர்க்கரைக்குப் பதில் கஞ்சி கொடு.

அரிசி மூட்டைக்குள் பச்சைக் கயிறுகள் இருக்கின்றன. ஓதி ஊதிய கயிறு. தாய் தகப்பன் இல்லாத யத்தீம் பிள்ளைகளுக்கு மட்டும் கட்டு. கேட்பதற்கு ஆள் உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம். யத்தீம்களை அடையாளம் கண்டு முதலாளியின் ஆட்கள் மேலும் உதவி செய்வார்கள். எத்தனை பேர் வருகிறார்கள், யார் திடமாக இருக்கிறார்கள் என்று எனக்கு எழுது.

அடுத்து நூஹ் நபி கதை சொல். கப்பலில் ஏறியவர்கள் பிழைத்தார்கள், ஏற மறுத்த மகன் மூழ்கினான் என்பதை அழுத்திச் சொல். பிள்ளைகளுக்குக் கப்பல் என்றால் பயம் இருக்கக்கூடாது. யூசுப் நபி கதையை இப்போது சொல்ல வேண்டாம். அது பெரியவர்களுக்கான கதை. சின்னப் பிள்ளைகள் அழுவார்கள்.

மீனின் பேர் எனக்கும் தெரியாது. பெரிய மீன் என்று சொல்லிவிடு.

உன் காக்கா
அப்துல் ஹை


பழவேற்காடு
ரஜப் பிறை 25

அன்பான காக்காவுக்குத் தங்கையின் ஸலாம்.

அரிசி வந்தது. உம்மா அதைக் கையில் அள்ளிப் பார்த்து அழுதார்கள். கஞ்சியின் வாசனைக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் கிணற்றடிக்கு வந்துவிட்டார்கள். பெரியசாமிக்கும் ஜெகபர் அலிக்கும் இன்னும் சில யத்தீம்களுக்கும் கயிறு கட்டினேன். கயிறு கட்டியவர்களுக்கு முதல் அகப்பை என்று உம்மா வைத்துவிட்டார்கள். அதனால் மற்றதுகளுக்குப் பொறாமை. "எங்கம்மா இருக்கறது என் தப்பா ராத்தா?" என்று மஸூதா உதட்டைப் பிதுக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

நூஹ் நபி கதை நீங்கள் சொன்னபடியே சொன்னேன். எல்லா மிருகமும் ஜோடி ஜோடியாக ஏறியது என்றதும் மஸூதா, "மீனு ஏறலியா?" என்றாள். மீனுக்கு வெள்ளத்தில் என்ன பயம் என்றேன். "அப்போ உலகத்துல மீனு மட்டும்தான் ஒண்ணும் தப்பு பண்ணலியா?" என்று விடாமல் கேட்டாள்.

பெரியசாமிதான் வாயைத் திறந்தபடி கேட்டான். கதை முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "அந்தக் கப்பல்ல சோறு இருந்துச்சா?" என்றான். இருந்தது என்றேன். முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு கப்பல் வந்து நிற்கிறது. அன்று மாலை அவன் கரையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததாக ஜெகபர் அலி சொன்னான்.

காக்கா, திடமாக இருப்பது யார் என்று எதற்குக் கேட்டீர்கள்? நோயாளிப் பிள்ளைக்கு அல்லவா முதலில் உதவி வேண்டும்? தப்பாகக் கேட்டிருந்தால் மன்னியுங்கள். யூசுப் நபி கதையை விட்டுவிட்டேன். ஆனால் எனக்கு அதை நீங்கள் சொன்னபோது நான் மஸூதாவை விடச் சின்னவள்.

தங்கை
உம்மு ஹானி


சதுரங்கப்பட்டினம்
ஷஅபான் பிறை 3

தங்கச்சிக்கு,

பெண்பிள்ளைக்கு இவ்வளவு கேள்வி வேண்டாம். பொறுப்புள்ளவர்கள் செய்கிறார்கள், நல்லதுக்குச் செய்கிறார்கள் என்று இரு. காற்று மாறுவதற்கு முன் கப்பல்கள் கிளம்ப வேண்டும். எனக்கு இங்கே மூச்சு விட நேரமில்லை. மறுபடியும் அரிசி அனுப்பியிருக்கிறேன். உம்மாவை நன்றாகச் சாப்பிடச் சொல். பிள்ளைகளை அந்தியில் ஒரே கூட்டமாக அனுப்பாதே. ஒவ்வொருவராக அனுப்பு. தெருவில் சத்தம் போட்டால் அக்கம்பக்கத்தார் குறை சொல்வார்கள்.

அப்துல் ஹை


பழவேற்காடு
ஷஅபான் பிறை 10

காக்காவுக்கு ஸலாம்.

அவசரமாக எழுதுகிறேன். போன வாரம் பெரியசாமி வரவில்லை. காட்டூருக்குத் திரும்பிப் போயிருப்பான் என்றார்கள். அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை.

நேற்று பாடம் முடிந்து போன மஸூதா வீடு போய்ச் சேரவில்லை. பரக்கத் பீவி நம் வாசலில் தலையில் அடித்துக்கொண்டு, "எம் பொண்ண எங்கடி? உன்ன நம்பித்தானேடி அனுப்புனேன்!" என்று கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஏரிக்கரை முழுவதும் தேடிவிட்டார்கள்.

உங்களுக்கு அங்கே பெரியவர்களைத் தெரியும். மஸூதாவைக் கண்டுபிடிக்க யாரிடமாவது சொல்லுங்கள். உங்களைத் தவிர நான் யாரைக் கேட்பேன்?

உம்மு ஹானி


சதுரங்கப்பட்டினம்
ஷஅபான் பிறை 15

தங்கச்சி,

நான் அவ்வளவு தெளிவாக எழுதியும் அந்தக் கருவாட்டுக்காரி மகளின் கையில் பச்சைக் கயிறு எப்படி வந்தது? யத்தீம்களுக்கு மட்டும் என்று சொன்னேனா இல்லையா? ஆட்கள் கயிற்றைப் பார்த்துத்தான் கூப்பிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

பயப்படாதே. அவள் பழவேற்காட்டில் முதலாளியின் கரைக் கிடங்கில்தான் இருக்கிறாள். அவளைத் திருப்பித் தர வழி செய்கிறேன். ஆனால் கணக்கு குறையக்கூடாது. கயிறு எந்தப் பையனுடையதோ அவனை வெள்ளி அந்தியில் கிடங்குப் பக்கம் அனுப்பு. கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று சொல், போதும். இவள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

என்னைக் கெட்டவன் என்று நினைக்காதே. இங்கே தெருவில் பிணம் கிடக்கிறது. அந்தப் பிள்ளைகள் அங்கே இருந்தால் மழைக்கு முன் செத்துப்போகும். கடல் தாண்டிப் போனால் வேலை இருக்கும், சோறு இருக்கும். பெற்றவர்களே கொண்டுவந்து விடுகிறார்களே, யாரும் இல்லாத பிள்ளையை நான் அனுப்பினால் மட்டும் பாவமா? நீயும் உம்மாவும் குடிக்கும் கஞ்சி எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்.

இந்தக் கடிதத்தை உம்மாவுக்கு வாசிக்காதே. படித்ததும் அடுப்பில் போடு.

உன் காக்கா


பழவேற்காடு
ஷஅபான் பிறை 24

இதைப் படிப்பவருக்கு ஸலாம்.

மஸூதாவின் கையில் கயிறு இருந்ததாக நான் எழுதவில்லை. எனக்கே தெரியாது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் ஜெகபர் அலியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவ மொத அகப்ப வேணும்னு அழுதா ராத்தா. ஒரு கருவாட்டுத் தலைக்கு மாத்திக்கினோம்" என்றான்.

உம்மாவுக்கு வாசித்தேன். பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். பிறகு, "மீதியும் வாசி" என்றார்கள். அடுப்பில் இருந்த கஞ்சியை இறக்கிவைத்தார்கள். அன்று யாரும் அதைத் தொடவில்லை.

ஜெகபர் அலியை நான் அனுப்பவில்லை. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பரக்கத் பீவி வீட்டுக்குப் போனேன். வெயிலில் நான் தனியாக நடந்தது அதுதான் முதல் தடவை. கட்டாமல் மீந்திருந்த ஒரு கயிற்றை முதலில் அவரிடம் நீட்டினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அவர் என்னை அறைந்தார். அறைந்த கையாலேயே என்னை இழுத்துக்கொண்டு படகுக்காரர்கள் குப்பத்துக்குப் போனார்.

கப்பல்கள் அலைக்கு வெளியேதான் நிற்கும், கரைக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். நம் குப்பத்தாரின் கயிற்றால் தைத்த படகு இல்லாமல் ஒரு பானைகூட அந்த அலையைத் தாண்டாது. படகுக்காரர் வீட்டுக் கோவிந்தம்மா வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா இது, மரைக்காயர் ஊட்டு பொண்ணு குப்பத்துல வந்து நிக்குது? உங்க ஊட்டுல உப்பு தீந்துபோச்சா?" என்று சிரித்தார். பரக்கத் பீவி சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "பெத்தவங்க சம்மதம்னு கிடங்குல சொன்னாங்களே" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

அவர் புருஷன் துளசிங்கம் வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாதத் தொடக்கத்தில் அவர் படகில்தான் சில பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார். "எல்லாம் அழுதுச்சுங்க. ஒரே ஒரு பையன் அழுவல. இது நூகு நபி கப்பலாய்யானு என்னக் கேட்டான். நான் இன்னாத்தக் கண்டேன்? ஆமாண்டான்னு சொல்லிட்டேன். அவனே ஏணியப் புடிச்சி ஏறிட்டான்."

அது பெரியசாமி. அவனை ஏற்றியது துளசிங்கம் இல்லை. நான்தான் கதை சொல்லி ஏற்றினேன். நீங்கள் சொல்லச் சொன்ன கதை.

அன்றே குப்பத்தார் படகுகளைக் கரையில் ஏற்றி, பலகைகளைத் தைத்திருந்த கயிறுகளை அவிழ்த்துப் போட்டார்கள். கிடங்கின் குமாஸ்தா ஓடி வந்து மிரட்டினார். "தையல் உட்டுப்போச்சி சாமி. காத்து மார்ற காலம், புதுசாத் தெச்சாத்தான் ஓட்டலாம். நீங்க வேணா இந்தப் பலக மேல ஏறிப் போய்ட்டு வாங்க" என்றார் கோவிந்தம்மா. பெண்கள் கிடங்கு வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். நானும் உட்கார்ந்தேன். வாடை வீசத் தொடங்கியதும், அடுத்து வந்து நின்ற கப்பல் காத்திருக்காமல் பாய் விரித்துப் போய்விட்டது. உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு இனிச் சோறு போட மனமில்லாமல் குமாஸ்தா கதவைத் திறந்துவிட்டார்.

மஸூதா வந்துவிட்டாள். தொண்டை கட்டிப்போய்ப் பேச்சு வரவில்லை. பரக்கத் பீவி அவளை இடுப்பைவிட்டு இறக்குவதில்லை.

பெரியசாமி முந்தைய கப்பலில் போய்விட்டான்.

நேற்று கிணற்றடியில் பிள்ளைகளுக்கு யூசுப் நபி கதையைச் சொன்னேன். நீங்கள் பயந்தபடி யாரும் அழவில்லை. அண்ணன்மார் கிணற்றில் போட்டதும், அவரைக் குறைந்த விலைக்கு விற்றதும், பஞ்ச காலத்தில் அந்த அண்ணன்மாரே அவரிடம் தானியம் கேட்டு வந்து நின்றதும் எல்லாம் சொன்னேன். ஜெகபர் அலி கேட்டான்: "அந்த அண்ணனுங்க பேரு இன்னா ராத்தா?" குர்ஆனில் அவர்கள் பேர் சொல்லப்படவில்லை என்றேன். "ஏன் சொல்லல?" யூசுப் நபியே அவர்களை மன்னித்துவிட்டதனால் இருக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அதிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். விற்கப்பட்டவர்தான் மன்னிக்க முடியும். பெரியசாமி இங்கே இல்லை. அவனுக்காக நான் மன்னிக்க முடியாது, உம்மாவாலும் முடியாது.

கயிறு அனுப்பியது யார் என்று ஊர் கேட்கிறது. பரக்கத் பீவிக்குத் தெரியும். ஆனால், "உன் வாயால சொல்லு" என்று எனக்காகக் காத்திருக்கிறார். வரும் வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் ஜமாஅத்தார் முன்னால் திரைக்குப் பின் நின்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவு பேர் கேட்க நான் இதுவரை பேசியதே இல்லை. ஆனாலும் சொல்வேன்.

அதற்கு முன் நீங்களே வந்து சொன்னால், நான் பின்கட்டில் பிள்ளைகளோடு இருந்துகொள்வேன்.

உம்மு ஹானி